இரண்டு குட்டை, ஒரு நெட்டை

ஊசிக்கு வராமல் நின்றுவிட்ட காசநோயாளிகளை வீடு தேடிப் போய் அழைத்து வருவதுதான் என் தொழில். அதற்கு என்னிடம் இரண்டு தகுதிகள் எதிர்பார்த்தார்கள்: சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், சைக்கிள் ஓட்டத் தெரிந்திருத்தல். முதலாவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இரண்டாவதை வேலை உத்தரவு வந்த பிறகு ஆறே வாரத்தில் கற்றேன். பட்டம் ஒருநாளும் என்னைக் கீழே தள்ளியதில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. கோரிமேட்டுச் சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய நெஞ்சுநோய் மருந்தகம். ஒரு மருத்துவர், ஊசி போடும் ரோசலி அக்கா, நான் ஆகிய மூவர்தான் ஊழியர்கள். நகரத்துக்குள் இருந்த என் வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்கு மிதிக்கத் தொடங்கினால், மருந்தகம், அங்கிருந்து தட்டாஞ்சாவடி, கருவடிக்குப்பம் என்று நோயாளிகளின் அட்டைகள் எங்கெங்கே இழுக்கின்றனவோ அங்கெல்லாம் போய்வர வேண்டும். சேலை கட்டி, பை வைத்து, பேனா செருகிச் சைக்கிளில் போகும் பெண் ஆசிரியையாகத்தான் இருக்க முடியும் என்பது ஊரின் முடிவு. ஆகவே எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’.

உங்களுள் யாரேனும் அந்நாளில் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்து நெருங்கும் ஓசையைக் கேட்டிருந்தால், அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பயம் வயிற்றில் வரும் என்பார்கள். சைக்கிள்காரர்களுக்கு அது பிடரியில் வரும்.

தார் முடியும் இடம்

அந்தச் சாலையின் அகலம் ஒன்றரைப் பேருந்து. எஞ்சிய அரைப் பேருந்து அகலத்தில்தான் பால்காரர், ஆலைத் தொழிலாளி, கல்லூரி மாணவர், மாட்டு வண்டி, நான் எல்லோரும் வாழ்ந்தோம். தார் முடியும் இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வெட்டு. அதற்குக் கீழே செம்மண். கோடையில் அது புழுதி. மழையில் அதன் ஆழம் இறங்கிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

அங்கே எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. முதல் வாரத்தில் ஒருநாள் பின்னாலிருந்து இரண்டு முறை குட்டையாக ஹாரன் ஒலித்தது. என்னை விலகச் சொல்கிறார்கள் என்று எண்ணிச் செம்மண்ணில் குதித்தேன். சைக்கிள் ஒரு பக்கமும் அட்டைகள் ஒரு பக்கமுமாக விழுந்தோம். மறுநாள் நீளமாக ஒரே ஹாரன். முந்தைய நாள் அவமானம் நினைவிலிருந்ததால் விலகாமல் மிதித்தேன். ஒரு பச்சைப் பேருந்து என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, அனல் வீசிக்கொண்டு கடந்தது. படியில் தொங்கிய நடத்துநர் திரும்பிப் பார்த்துக் கத்திய வாசகம்தான் அந்தச் சாலையில் நான் படித்த முதல் பாடம்: “ரெண்டு குட்டை அடிச்சா பாத்துட்டோம், போய்க்கினே இருன்னு அர்த்தம். நெட்டை அடிச்சா எறங்கணும். இதுகூட தெரியாம எதுக்கும்மா சைக்கிள எடுத்துக்கினு வந்த?”

கண்மூடிய அம்மாள்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அவர்களுள் ஒருவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இந்தச் செய்தி எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் என் வலது முழங்காலில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்காது.

தட்டாஞ்சாவடித் திருப்பத்தில் அந்தக் கார் எதிரே வந்தது. ஓட்டுநர் இருக்கவேண்டிய வலப்பக்கத்து இருக்கையில், வெள்ளைக் கூந்தலுடன் ஓர் அம்மாள் இரு கைகளாலும் செபமாலையைப் பிடித்தபடி, கண்களை மூடி, உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அதாவது என் கணக்கில், ஒரு கார் கண்மூடிச் செபம் செய்தவாறு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளோடு ஓரத்துக் கால்வாயில் பாய்ந்தேன்.

கார் நின்றது. அதுவரை என் கண்ணில் படாதிருந்த மறுபக்கத்திலிருந்து சொல்தா இறங்கி வந்தார். “பர்தோன், மதாம், பர்தோன்” என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். முன் சக்கரத்தைத் தம் முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக் கோணிப்போன ஹேண்டில்பாரை நேராக்கித் தந்தார். மடிப்புக் கலையாத அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் செம்மண் அப்பியதை அவர் பொருட்படுத்தவே இல்லை. அந்தச் சாலையில் ஒரு நான்கு சக்கர வண்டிக்காரர் எனக்காகக் குனிந்தது அதுதான் முதல் முறை. என் முகம் வெளிறியிருந்ததைக் கவனித்த அம்மாள், கண்ணாடியை இறக்கி ஆறுதல் சொன்னார்: “பயப்படாத மா. இவரு ஓட்டுறப்ப நான் எப்பவும் கண்ண மூடிக்கினுதான் வர்றது.”

சிவப்புத் துணி

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்கு இரும்புக் கம்பி ஏற்றிவரும் லாரிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். கம்பிகள் லாரியைவிட ஓர் ஆள் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அவை ஒரு முறை தலையாட்டும். லாரி முன்னாலும் நான் அதன் பின்னாலும் ஒரே வேகத்தில் போகும்படி ஒருநாள் வாய்த்தது. எனக்குப் பின்னால் மாட்டு வண்டி, இடப்பக்கம் கால்வாய், வலப்பக்கம் எதிர்வரும் வண்டிகள். கம்பி நுனிகள் என் கண் மட்டத்தில் எழுந்து தாழ்ந்தன. ரயில்வே கேட்டில் லாரி நின்றபோது, பின்னால் உட்கார்ந்திருந்த கிளீனரிடம், இது மனிதர்களைக் குத்திக் கொல்வதற்கான ஏற்பாடு என்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்தேன். அவன் கம்பி நுனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உண்மையாகவே புரியாமல் கேட்டான்: “அதான் செவப்புத் துணி கட்டியிருக்குதேம்மா, அப்புறம் இன்னா பயம்?”

தொழில்: கூலி

‘ஏகாம்பரம், வயது நாற்பத்தொன்று, தட்டாஞ்சாவடி, தொழில் கூலி’ என்றது அட்டை. இரண்டு மாதம் தினமும் ஊசி, அதற்கு மேல் ஓராண்டுக்கும் அதிகமாக மாத்திரை என்பது அந்நாளைய சிகிச்சை. இவர் ஒன்பது ஊசி போட்டுக்கொண்டார். இருமல் சற்றுக் குறைந்தவுடன் காணாமல் போனார். எல்லோரும் செய்வதுதான். வீட்டில் அவர் மனைவி அஞ்சலை இருந்தார். எங்கே உங்கள் கணவர் என்றேன். “இதோ வர்ற நேரந்தான்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் ஒரு பேருந்து வந்து நின்றது. பச்சைப் பேருந்து. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து, தேநீர்க்கடைப் பக்கம் கையசைத்துவிட்டு, என்னை நோக்கி நடந்து வந்தவர்தான் கூலி ஏகாம்பரம்.

எனக்குப் பிடரி சில்லிட்டது. அவர் சிரித்தார். “உங்க முதுக எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர், மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார். பிறகு சிரிப்பு நின்றது. நோய் பேருந்தின் உரிமையாளருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார் என்றார். மில் மூடியபிறகு தம் தந்தை வேலையின்றி வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தமக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் பிடிக்கத் தெரியாது என்றார். நான் ஒரு வழி சொன்னேன். காலை நடையில் அவர் பேருந்து கோரிமேட்டில் பத்து நிமிடம் நிற்கும். எங்கள் மருந்தகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள், வரிசையில் நிற்க வைக்காமல், ரோசலி அக்கா ஊசி போட்டு அனுப்பிவிடுவார்.

அட்டையில் தொழிலைத் திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைத் தொடாமல், பேனாவின் மறுமுனையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார். திருத்தியிருக்க வேண்டும். எங்கள் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணமும் எனக்குத் தெரியும். இருந்தும் பேனாவை மூடினேன். அவர் சொன்னது இதுதான்: “கூலின்னே இருக்கட்டும் டீச்சர். ஸ்டேரிங்கு புடிக்கறதும் கூலிதானே.”

பால்காரரின் பாதுகாப்பு

அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம், என் பணிக்காலத்தின் பொற்காலம். தினமும் காலையில் பின்னாலிருந்து இரண்டு குட்டை ஹாரன் கேட்கும். நான் இடது கையைச் சற்றே உயர்த்துவேன். பச்சைப் பேருந்து எனக்காகச் சாலையின் நடுவுக்கு ஒதுங்கி, ஒரு மாட்டு வண்டிக்குரிய இடத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போகும். மரியாதை என்பது இத்தனை அகலமாக இருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. ஆயினும் பயம் முற்றிலும் போகவில்லை. உயரத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த ஏற்பாடு ஊர் அறிய நடந்ததால் மற்றவர்களும் அதில் பங்கு கேட்டார்கள். சைக்கிள்காரர்களாகிய நாம் புனிதர்கள் அல்லர். இடம் கிடைத்தால் மூவர் ஒரே வரிசையில் போய் அரட்டை அடிப்பவர்கள். பச்சைப் பேருந்து வரும் நேரத்தில் என் இரு புறமும் ஒரு சிறு கூட்டம் சேரலாயிற்று. அவர்களுள் மூத்தவர், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டிருந்த கருவடிக்குப்பத்துப் பால்காரர். வேகமாக மிதித்த என்னிடம் ஒருநாள் மூச்சு வாங்க முறையிட்டார்: “டீச்சர் பக்கத்துல ஓட்டுனா பஸ்ஸு இடிக்காதுன்னுதான் வர்றேன். கொஞ்சம் மெதுவா மிதிங்க, பாலு தயிராயிடப் போவுது.”

நெட்டை

நாற்பதாவது ஊசியை ஒட்டி ஹாரன் மாறியது. இரண்டு குட்டை கேட்க வேண்டிய இடத்தில் ஒரே நெட்டை; காதுக்குள் ஆணி இறக்கியதுபோல் நின்று ஒலித்தது. நான் செம்மண்ணில் இறங்கினேன். பேருந்தும் முன்போல் ஒதுங்கவில்லை. கொஞ்சம் அலைந்தபடி போயிற்று. முந்தைய நாள் அவர் ஊசிக்குத் தாமதமாக வந்ததற்கு நான் நான்கு பேர் முன்னிலையில் கண்டித்திருந்தேன். ஆகவே இது பழிவாங்கல் என்று முடிவு செய்தேன். இரண்டாம் நாளும் நெட்டை. இரண்டாம் நாளும் இறங்கினேன். அன்று முழுவதும் எதிர்ப்பட்ட நோயாளிகள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் இறங்குவதில்லை என்று தீர்மானித்தேன். நியாயம் நம் பக்கம் இருந்தால் பேருந்து நின்றுவிடும் என்ற நம்பிக்கை, பல்கலைக்கழகம் எனக்குக் கற்பித்த தீமைகளுள் ஒன்று. நெட்டை ஒலித்தது. தார் விளிம்பிலேயே மிதித்தேன். ஒலி நிற்கவில்லை, நெருங்கியது. பால்காரர் “டீச்சர்” என்று கத்தியது கேட்டது. பிறகு பச்சைத் தகரம் என் தோளை உரசியது. மிக மெதுவாக, யாரோ கூட்டத்தில் வழி கேட்பதுபோல் உரசியது. நான் இடப்பக்கம் சாய்ந்தேன். கேரியரில் இருந்தவை வலப்பக்கம் சரிந்தன. எழுந்து பார்த்தபோது பின் சக்கரம் கடந்துபோன இடத்தில் என் சாப்பாட்டுப் பாத்திரம் சப்பாத்தியைப் போல் கிடந்தது. அதன் அருகில், ஓரடி தள்ளி, என் செருப்பு.

பேருந்து நின்றது. ஏகாம்பரத்தைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒரு பக்கம் நிறையும். அவர் இறங்கி வந்தார். பதினேழு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், அதன் தகரத்தை ஒரு கையால் தடவிப் பிடித்துக்கொண்டு, மழைக்காலத்துச் சேற்றில் நடப்பவர்போல் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்து வந்தார். என் முகத்துக்கு மிக அருகில் நின்று, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்: “ரெண்டு குட்டைதான் டீச்சர் அடிச்சேன், தெனமும் அதான் அடிக்கறேன். சத்தமே வரலியேன்னு கொஞ்சம் அழுத்திப் புடிச்சேன்.”

தரையில் ஒரு கோடு

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும், தலைச்சுற்றலைக் கொண்டுவரும். மருத்துவர் தொழிலை விசாரிப்பதற்குக் காரணம் இதுதான். சாரம் ஏறும் கொத்தனாருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அவர் வாரந்தோறும் காதையும் நடையையும் சோதிப்பார். கூலிக்கு அப்படிச் சோதிப்பதில்லை. நான் பேனாவை மூடிய ஒரு நொடிக்கு, நாற்பது பயணிகளும், சாலையோரத்துச் சைக்கிள்கள் அத்தனையும், ஒரு மாதமாகப் பணயமாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது நான் திருத்தாமல் விட்ட அந்த வரி.

ஏகாம்பரத்துக்கு இது தெரியாது. கூப்பிடு தூரத்தில் இருந்த மருந்தகத்துக்கு நடக்கும் வழியில், காதுக்குள் வண்டு கத்துகிறது, அவ்வளவுதான், இன்னும் இருபது ஊசிதானே, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே போனதும் அட்டையை மருத்துவரின் மேசைமேல் வைத்து, “இவர் பேருந்து ஓட்டுநர். அட்டை பொய். பொய் என்று தெரிந்தும் விட்டுவைத்தவள் நான்” என்றேன். மருத்துவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் நேராக ஒரு கோடு கிழித்தார். குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். கோரிமேட்டுச் சாலையில் அத்தனை பெரிய வண்டியை ஒரு முழம் பிசகாமல் செலுத்தியவர், மூன்றாவது அடியில் ரோசலி அக்காவின் மேல் சாய்ந்தார். வெளியே, பேருந்திலிருந்து நடத்துநர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அதுவும் அவர் காதில் விழவில்லை.

ஊசி அன்றே நின்றது. வேறு மாத்திரை எழுதினார்கள். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மருத்துவர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். ஏகாம்பரம் தாளை இரண்டு முறை படித்தார். அதுவரை எனக்கு அவர் வழங்கிவந்த மரியாதைப் பன்மை அந்த இடத்தில் முடிவடைந்தது. “ஊசிக்கு இட்டுக்கினு வந்ததும் நீதான், வண்டிய விட்டு எறக்குனதும் நீதான்” என்றார். வாசற்காலைக் கையால் தடவிப் பிடித்துப் படியிறங்கிய பிறகு, திரும்பாமலே இன்னும் ஒன்று சொன்னார்: “இன்னிக்கு நீ எறங்காம நின்னப்ப, நானும் ஒதுங்காமயே போயிருக்கணும்.”

உரிமையாளரின் ஐயம்

அன்று பிற்பகலே உரிமையாளரைப் பார்க்கப் போனேன். தைரியத்தால் அல்ல, வீட்டுக்குப் போனால் நடுக்கம் தொடங்கிவிடும் என்பதால். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, ஏகாம்பரத்தின் இருமலால் இனி யாருக்கும் ஆபத்தில்லை, வண்டி ஓட்டத்தான் கூடாது, ஆகவே ஷெட்டில் ஒரு வேலை கொடுங்கள் என்று படிப்படியாக எடுத்துரைத்தேன். உரிமையாளர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார். என்னிடமிருந்தே தொற்றிவிடும் என்று நினைத்தார்போலும். ஷெட்டில் டயர் பார்க்கும் வேலை கொடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் எழுந்து புறப்படும்போது தம் உண்மையான அச்சத்தைத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அந்த ஸ்டேரிங்க சோப்பு போட்டுக் கழுவுனா போதுமா, மாத்தணுமா?”

பின்னால் வருபவர்

நான்கு மாதம் ஏகாம்பரம் மருந்தகத்துக்கு வரவில்லை. மாத்திரையை நானே கொண்டுபோனேன். அஞ்சலை கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொள்வார். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு எனக்குத் தெரியும். அவர் என் முதுகை அறிந்திருந்ததைப் போல நானும் அவர் முதுகை அறிந்துகொண்டேன். பச்சைப் பேருந்தில் புதிய ஓட்டுநர் வந்திருந்தார். அவருக்குக் குட்டை என்பதே தெரியாது. காகத்துக்கும் நெட்டை, கடவுளுக்கும் நெட்டை. பால்காரர் வேறு வழியாகப் போகத் தொடங்கினார்.

மாத்திரையை நான் கொண்டுபோக முடியும். எக்ஸ்ரே இயந்திரத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டுபோக முடியாது. ஐந்தாம் மாதம் உள்ளே நுழைந்து, அந்த முதுகுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, எக்ஸ்ரேவுக்கு நீங்களே வந்தால்தான் ஆயிற்று என்று உரக்கச் சொன்னேன். தலைச்சுற்றல் தணிந்திருந்தது, ஷெட்டுக்குச் சைக்கிளில்தான் குறுக்குச் சந்து வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார். காது மட்டும் திரும்பவில்லை. பேருந்தில் ஏற மாட்டேன், பயணியாக அதில் உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்றார். அப்படியானால் பெரிய சாலையில் சைக்கிளில் வாருங்கள் என்றேன். சுவரில் சாய்த்திருந்த தம் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, “பின்னாடி என்ன வருதுன்னு கேக்காது டீச்சர்” என்றார். “பதினேழு வருசம் பின்னாடி வந்தவன் நான். பின்னாடி வர்றவன் எப்பிடி இருப்பான்னு எனக்குத் தெரியும்.”

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். என் மணியோசை அவருக்குக் கேட்காது என்பதால் நான் பின்னால் போவதில் பயனில்லை. நான் முன்னே போவேன். அவர் என் பின் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். நான் தாரைவிட்டு இறங்கினால் அவரும் இறங்க வேண்டும். இதில் ஒரு குறை இருப்பதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்: நான் தவறினால் பேருந்து முதலில் சேருவது அவரைத்தான். முதல் நாள் தட்டாஞ்சாவடியிலிருந்து மருந்தகம்வரை என் காதுகள் முதுகுப்பக்கம் முளைத்திருந்தன. இருவருக்காகக் கேட்பது எவ்வளவு கடினம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பாதி வழியில் நெட்டை ஒலித்தது. புதிய ஓட்டுநர். நான் உடனே செம்மண்ணில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் இன்னும் தார்மேல் இருந்தார். அவர் பார்வை நான் எங்கேயிருந்தேனோ அந்த வெற்றிடத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் பச்சை முகப்பு வளர்ந்துகொண்டே வந்தது. கத்துவது வீண் என்று தெரிந்தும் கத்தினேன். ஒரு மூச்சு நேரம். பிறகு ஹேண்டில்பார் திரும்பியது. சைக்கிள் நான்கு விரல் பள்ளத்தில் தடக்கென்று இறங்கி, என் சக்கரத்தில் வந்து மோதி நின்றது. பேருந்து எங்கள்மேல் புழுதியைக் கொட்டிவிட்டுப் போனது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. பேருந்து போன திசையையே பார்த்தார். “தேர்ட் கியர்லயே உருட்டினு போறான் பாரு” என்றார், முதலில். பிறகு, “நெட்டைதானே அடிச்சான்?” என்று கேட்டார். தலையசைத்தேன். என் சக்கரத்தில் மோதி நின்ற தம் முன் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தார். சைக்கிளை மேலே ஏற்றுவதற்கு முன்னால், ஐந்து மாதங்களுக்குப் பிறகு மரியாதைப் பன்மையைத் திருப்பித் தந்து, அவர் சொன்னது இது: “பழைய வீம்புல எறங்காம நின்னுடாதீங்க டீச்சர். இப்ப உங்க பின்னாடி வர்றது நானு.”

பல ஆண்டுகள் மனிதர்களின் நெஞ்சுக்கூட்டைப் பற்றிக் கவலைப்பட்டுச் சம்பளம் வாங்கினேன்; ஆனால் உள்ளபடியே சொல்வதானால், கோரிமேட்டுச் சாலையில் எனக்குப் பின்னால் வந்தவர்களின் உடல்நலத்தைத் தவிர வேறெவருடைய உடல்நலத்துக்காகவும் நான் அவ்வளவு மனமுருகி வேண்டிக்கொண்டதில்லை.